எழுவாயை வெட்டக் கற்றுத்தரும் 90 ரூபாய் ஏடு: மண்டபம் மாலை வகுப்புப் பயிற்சி ஏட்டுக்கு ஒரு மதிப்புரை

மண்டபம் வட்டாரத்தில் மாலை வகுப்பு எடுக்கும் ஆங்கில ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து போட்டிருக்கும் பயிற்சி ஏடு இது. ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட 48 பக்கம். விலை 90 ரூபாய். முழு இலக்கணத்தையும் தொடாமல் ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வென், வைல், இஃப், தோ, அன்டில், ஒன்ஸ் மாதிரிச் சொற்களில் தொடங்கும் துணை வாக்கியத்தில் எழுவாயையும் வினையையும் எப்போது விடலாம், எப்போது விடக்கூடாது என்பதுதான் அந்தப் பாடம்.

கப்பல் வேலைக்குப் போகிற பையன்கள், ராமேஸ்வரம் லாட்ஜ்களில் ரிசப்ஷனில் உட்காருகிறவர்கள், இறால், கணவாய் ஏற்றுமதி கம்பெனிகளின் பேக்கிங் பிரிவில் இருக்கும் பெண்கள், கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்துத்தான் எடுத்துக்காட்டுகளை அமைத்திருக்கிறார்கள். ஏடு நன்றாக இருக்கிறது, வாங்கலாம். ஆனால் 17ஆம் பக்கத்து அட்டவணையைத் திருத்திக்கொண்டுதான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறோம்.

பள்ளி இலக்கணப் புத்தகங்களில் பெரும்பாலும் ஓரத்தில் கிடக்கும் பாடம் இது. வேலைக்குப் போன பிறகு கையில் வரும் தாளிலோ வரிக்கு வரி இதுதான் நிற்கிறது. லைஃப் ஜாக்கெட் பையில், இன்ஜின் கையேட்டில், மருந்துப் பெட்டியில், விண்ணப்பப் படிவத்தில் எல்லாம் "வென் நாட் இன் யூஸ்", "இஃப் டேமேஜ்ட்", "அன்லெஸ் அதர்வைஸ் ஸ்டேட்டட்" என்று இருக்கும். இவற்றில் யார், எது, என்ன ஆனது என்பது எழுதியிருக்காது. படிப்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். சரியாக நிரப்பத் தெரியாதவர் சொல்லுக்குச் சொல் அர்த்தம் தெரிந்தும் வரியைத் தவறாகப் புரிந்துகொள்வார்.

ஏட்டின் பெரிய பலம் அதன் வரிசைமுறை. முதலில் முழு வாக்கியத்தை எழுத வேண்டும். அடுத்து இரண்டு பாதிக்கும் தனித்தனியாக "யார்?" என்று கேட்க வேண்டும். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் மட்டுமே வெட்ட வேண்டும். "வென் ஹீ வாஸ் யங், ஹீ டைவ்ட் ஃபார் சாங்க்ஸ்." சின்ன வயதில் இருந்தது யார்? அவர். சங்கு குளித்தது யார்? அவரே. ஆகவே "ஹீ வாஸ்" போகலாம்: "வென் யங், ஹீ டைவ்ட் ஃபார் சாங்க்ஸ்." இப்படி 30 வாக்கியங்களைக் கோடு போட்டு அடித்துக் காட்டச் சொல்கிறார்கள். வெட்டிய இடத்தில் கோடு தெரிய வேண்டும், ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது என்றும் குறிப்பு இருக்கிறது. நல்ல குறிப்பு. எதை விட்டோம் என்று கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தால்தான், பிறகு வேறொருவர் விட்டதை நிரப்பிப் படிக்கும் பழக்கம் வரும்.

வெட்டிய பிறகு என்ன மிஞ்சும் என்பதையும் ஏடு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. பண்பைக் காட்டும் சொல் மிஞ்சலாம்: "தோ ஓல்ட், த போட் இஸ் ஸ்ட்ராங்." இடத்தைக் காட்டும் தொடர் மிஞ்சலாம்: "வைல் அட் சீ." செயப்பாட்டு வடிவம் மிஞ்சலாம்: "இஃப் டேமேஜ்ட்." பெயர்ச்சொல்லே மிஞ்சலாம்: "வென் எ பாய்." வினையின் கடைசியில் "இங்" சேர்ந்த இங் வடிவமும் மிஞ்சலாம்: "வைல் மெண்டிங் நெட்ஸ்." இவை எல்லாவற்றிலும் போனது எழுவாயும், அதோடு ஒட்டியிருந்த இஸ், ஆர், வாஸ், வேர் ஆகிய பி வினையும்தான்.

பி வினை இல்லாத வாக்கியத்தில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். "வென் யூ ரீச் த ஜெட்டி, கால் மீ" என்பதில் "யூ"வை மட்டும் எடுத்துவிட்டு "வென் ரீச் த ஜெட்டி, கால் மீ" என்று எழுதுவார்கள். இந்தக் கரையில் வாட்ஸ்அப் செய்திகளில் அதிகம் புழங்கும் ஆங்கிலப் பிழைகளில் இது ஒன்று. எழுவாய் போனால் வினை அப்படியே நிற்க முடியாது, இங் வடிவத்துக்கு மாற வேண்டும்: "வென் ரீச்சிங் த ஜெட்டி." எல்லா வினையும் அப்படி மாறவும் மாறாது. "இஃப் யூ ஹேவ் எ டிக்கெட்" என்பதை "இஃப் ஹேவிங் எ டிக்கெட்" ஆக்கினால் காதுக்கு ஒவ்வாது. "இஃப் யூ கேன் ஸ்விம்" என்பதில் "கேன்" வருவதால் தொடவே கூடாது. ஹேவ், நோ (அறிதல்), வான்ட் மாதிரி நிலையைக் காட்டும் வினைகளையும், கேன், மஸ்ட், வில் போன்ற துணைவினைகளையும் முழுசாக விட்டுவிடுவதே நல்லது. ஏட்டில் இதற்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கம் கொடுத்திருக்க வேண்டிய இடம் இது.

ஏட்டின் மிகச் சிறந்த பகுதி 22ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. கடலில் கலங்கள் மோதாமல் இருப்பதற்கான சர்வதேச விதிகள் 1972இல் உருவாகி 1977இல் நடைமுறைக்கு வந்தவை. அவற்றில் மீன்பிடிக் கலங்களுக்கான 26ஆம் விதியை அப்படியே எடுத்துப் பாடமாக்கியிருக்கிறார்கள். இழுவலைப் படகு எந்த விளக்குகளைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் விதி அது. தொடக்கம்: "எ வெஸல் வென் என்கேஜ்ட் இன் ட்ராலிங்... ஷேல் எக்ஸிபிட்." அதாவது இழுவலை இழுத்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கலம் காட்ட வேண்டியவை. மேலே பச்சை, கீழே வெள்ளை என்று ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக இரண்டு விளக்குகள், எல்லாத் திசையிலும் தெரியும்படி. இது பையன்களுக்குப் பழகிய விஷயம், உடனே புரிந்துவிடும்.

சிக்கல் அதே விதியின் கீழ்ப்பிரிவில் இருக்கிறது: "வென் மேக்கிங் வே த்ரூ த வாட்டர், இன் அடிஷன் டு த லைட்ஸ் பிரிஸ்கிரைப்ட் இன் திஸ் பாராகிராஃப், சைட்லைட்ஸ் அண்ட் எ ஸ்டெர்ன்லைட்." இந்த வரியில் எழுவாயும் இல்லை, முற்றுவினையும் இல்லை. "மேக்கிங் வே" செய்வது எது என்று இதே வரியில் தேடினால் சைட்லைட்தான் அகப்படும். விளக்கா தண்ணீரில் நகர்கிறது? எழுவாய் பல வரிக்கு மேலே "எ வெஸல்" என்று நிற்கிறது, வினை "ஷேல் எக்ஸிபிட்" என்று அங்கேயே நிற்கிறது. இரண்டையும் கீழே இறக்கிப் படித்தால்தான் பொருள் வரும்: கலம் தண்ணீரில் நகர்ந்துகொண்டிருக்கும்போது, பச்சை வெள்ளையோடு பக்க விளக்குகளையும் பின்விளக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இன்ஜினை நிறுத்தி, நகராமல் மிதந்தபடி வலையை ஏற்றும்போது அந்தப் பக்க விளக்குகளுக்கு இடமில்லை. நங்கூரம் போடாமலும், கரையில் கட்டாமலும், தரை தட்டாமலும் இருந்தாலே அந்த விதிகளின் கணக்கில் "அண்டர்வே". "மேக்கிங் வே" என்றால் உண்மையிலேயே நகர வேண்டும். விடுபட்ட எழுவாயை நிரப்பத் தெரியாதவர் எப்போதும் எல்லா விளக்கையும் போட வேண்டும் என்று படித்துவிடுவார். பக்க விளக்கைப் பார்க்கிற எதிர்ப்படகு, நின்றுகொண்டிருக்கும் கலம் ஓடுவதாக எடுத்துக்கொள்ளும். இலக்கணப் பாடம் எதற்கு என்று கேட்கும் பையனுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. அந்தப் பக்கத்தில் விடுபட்ட சொற்களை மேலிருந்து கீழே அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு பக்கத்துக்கே 90 ரூபாய் தகும்.

18ஆம் விதியையும் சேர்த்திருக்கலாம் என்பது எங்கள் ஆசை. "எ வெஸல் என்கேஜ்ட் இன் ஃபிஷிங் வென் அண்டர்வே ஷேல், ஸோ ஃபார் ஆஸ் பாஸிபிள், கீப் அவுட் ஆஃப் த வே ஆஃப்" என்று போகும் வரி அது. ஒரே வரியில் மூன்று இடத்தில் சொல் விடுபட்டிருக்கிறது. "என்கேஜ்ட்" முன்னால் ஒன்று, "அண்டர்வே" முன்னால் ஒன்று, "பாஸிபிள்" முன்னால் ஒன்று. முதலிரண்டிலும் விடுபட்டது கலத்தைக் குறிக்கும். மூன்றாவதில் விடுபட்டது "இட் இஸ்". அது யாரையும் குறிக்காது. இந்த வேறுபாட்டை ஏடு வேறோர் இடத்தில் விளக்குகிறது. "இஃப் நெஸஸரி", "இஃப் பாஸிபிள்", "வேர் நெஸஸரி" (தேவையான இடத்தில்) போன்றவற்றுக்கு "யார்?" சோதனை பொருந்தாது, அவை அச்சில் வார்த்ததுபோல் நிலைத்துவிட்ட தொடர்கள் என்று சொல்லி, ஒரு பட்டியல் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்கிறது. சரியான யோசனை. விண்ணப்பப் படிவங்களில் வரும் "இஃப் எனி", "இஃப் நாட்", "இஃப் ஸோ" மூன்றையும் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை பட்டியலில் இல்லை.

இனி 17ஆம் பக்கம். அந்த அட்டவணையில் இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ். "வைல்" என்பதற்கு நேரே "போது". "வென்" என்பதற்கு நேரே அதுவும் "போது". முழு வாக்கியத்துக்கு இது சரிதான். வெட்டிய வாக்கியத்துக்கு இதுவே எல்லாப் பிழைக்கும் வாசல்.

"பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது கடல் நீலமாகத் தெரிந்தது." தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. கடந்தது நாம், தெரிந்தது கடல். "போது" இரண்டு வேறு எழுவாய்களைத் தாராளமாக ஏற்கும். இதை அட்டவணையைப் பார்த்து மாற்றினால் "வைல் கிராஸிங் த பிரிட்ஜ், த சீ லுக்ட் ப்ளூ" என்று வரும். ஆங்கிலத்தில் இதன்படி பாலத்தைக் கடந்தது கடல். இரண்டு வழியில் திருத்தலாம். எழுவாயைத் திரும்பக் கொண்டுவந்து "வைல் வீ வேர் கிராஸிங் த பிரிட்ஜ், த சீ லுக்ட் ப்ளூ" என்று எழுதலாம். அல்லது பின்பாதியின் எழுவாயை மாற்றி "வைல் கிராஸிங் த பிரிட்ஜ், வீ சா த ப்ளூ சீ" என்று எழுதலாம்.

வெட்டிய "வைல்" வாக்கியத்துக்குத் தமிழில் சரியான இணை "கொண்டே". "பாலத்தைக் கடந்துகொண்டே போட்டோ எடுத்தோம்" என்று சொல்வோம். "பாலத்தைக் கடந்துகொண்டே கடல் நீலமாகத் தெரிந்தது" என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார், பள்ளிக்கூடம் போகாதவர்கூடச் சொல்ல மாட்டார். ஆங்கிலம் கேட்கும் ஒரே எழுவாய்க் கட்டுப்பாடு நமக்குப் புதிது இல்லை. தொல்காப்பியம் வினையியலில் செய்து, செய்யூ, செய்பு என்ற மூன்று வாய்பாட்டு எச்சங்களையும் "முதல்நிலை மூன்றும் வினைமுதல் முடிபின" என்று சொல்லியிருக்கிறது. எச்சத்தைச் செய்தவரே முற்றையும் செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். "மழை பெய்து குளம் நிறைந்தது" மாதிரி, காரணமும் காரியமுமாக வரும் இடத்தில் மட்டும் தமிழ் கொஞ்சம் இளகிக்கொடுக்கும். "கொண்டே" அப்படி இளகாது. அதனால்தான் சோதனைக்கு அதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

எனவே 17ஆம் பக்கத்தில் "வைல்" வரிசைக்கு நேரே இன்னொரு கட்டம் வரைந்து, "எழுவாய் இருந்தால் போது, எழுவாய் இல்லாமல் இங் வந்தால் கொண்டே" என்று எழுதிவிடுங்கள். வாக்கியத்தை எழுதியதும் மனதுக்குள் "கொண்டே" போட்டுச் சொல்லிப் பார்த்தால் போதும், தப்பு தானே காதில் இடறும். "வைல் புல்லிங் த நெட், இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்": வலையை இழுத்துக்கொண்டே மழை பெய்யத் தொடங்கியது. இடறுகிறதல்லவா? திருத்த வேண்டும். செயலில்லாமல் நிலையை மட்டும் காட்டும் "வைல் அட் சீ", "வென் யங்" போன்றவற்றுக்குக் "கொண்டே" ஒட்டாது. அங்கே பழையபடி "யார்?" என்று இரண்டு தடவை கேட்க வேண்டியதுதான்.

லேபிள் ஆங்கிலம் பற்றிய பகுதி பேக்கிங் பிரிவுப் பெண்களுக்கு நேரடியாக உதவும். உறைய வைத்த இறால் அட்டைப்பெட்டியில் "ஒன்ஸ் தாட், டு நாட் ரிஃப்ரீஸ்" என்று இருக்கும். உறைநிலை விட்டு இளகியது இறால், மறுபடி உறைய வைக்கக் கூடாதது நாம். எழுவாய் இரண்டு. பாட விதிப்படி இது தப்பு. ஆனால் லேபிளில் யாரும் இதைத் தப்பு என்று சொல்வதில்லை. பெட்டியில் இருக்கும் பொருளைப் பற்றித்தான் பேச்சு என்பது எல்லோருக்கும் தெரியும், பின்பாதி கட்டளையாகவும் இருக்கிறது. சமையல் குறிப்பில் வரும் "வென் கூல், ஸ்டோர் இன் எ ஜார்" இதே வகை. லேபிளில் பார்த்த பழக்கத்தில் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது "ஒன்ஸ் தாட், வீ ஷுட் நாட் ரிஃப்ரீஸ் த ப்ரான்ஸ்" என்று எழுதினால் இளகிப் போனது நாம் என்றாகிவிடும். அங்கே "ஒன்ஸ் தாட், த ப்ரான்ஸ் ஷுட் நாட் பி ரிஃப்ரோஸன்" என்று எழுத வேண்டும். இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டியிருப்பது பாராட்ட வேண்டிய வேலை.

"பிகாஸ்" பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கிறார்கள், அது போதும். "பிகாஸ் டயர்ட், ஹீ ஸ்லெப்ட்" என்று எழுதக் கூடாது. காரணம் சொல்ல வேண்டுமானால் "பீயிங் டயர்ட்" அல்லது "பிகாஸ் ஹீ வாஸ் டயர்ட்". காரணப் பொருளில் வரும் "சின்ஸ்", "ஆஸ்" இரண்டுக்கும் இதே தடை. காலப் பொருளில் "சின்ஸ் லீவிங் ஸ்கூல்" வரலாம். "பிஃபோர்", "ஆஃப்டர்" இரண்டும் தனி வகை. அவற்றோடு இங் வடிவம் வரும்: "பிஃபோர் லீவிங் த ஹார்பர், செக் த ஃப்யூல்." வெறும் பண்புச்சொல் வராது. "அன்டில்" நேர்மாறு. "அன்டில் டிரை", "அன்டில் ரிப்பேர்ட்" என்று பண்பும் செயப்பாட்டு வடிவமும் அதனோடு சுலபமாக ஒட்டும், இங் வடிவம் அரிதாகத்தான் வரும்.

காற்புள்ளி விஷயத்தில் ஏடு கறாராக இருக்கிறது: துணைப்பகுதி முன்னால் வந்தால் காற்புள்ளி போடு, பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம். சரிதான்.

எங்கே வெட்டக் கூடாது என்ற பாடம் ஏட்டில் இல்லை. இது பெரிய குறை. கப்பலுக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விடுவது ஆபத்து. விஎச்எஃப் ரேடியோவில் பேசும்போது இரைச்சலில் பாதிச் சொல் போய்விடும். கேட்பவர் வேறு நாட்டுக்காரர். சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட கடல்வழித் தகவல் பரிமாற்றத்துக்கான நிலையான ஆங்கிலத் தொடர்கள், ஆம் இல்லை என்று முடிக்கக்கூடிய கேள்விக்கும் முழு வாக்கியத்தில் பதில் சொல்லும்படிதான் அமைக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தில் வெட்டுவது அழகு. காற்றில் போகும் பேச்சில் எழுவாயும் வினையும் முழுசாக நிற்க வேண்டும். வகுப்பு எடுப்பவர்கள் 26ஆம் விதிப் பக்கத்தை முடித்த கையோடு இதை வாயால் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். எழுத்தில் வெட்டிய அதே வரிகளை ரேடியோவில் சொல்வதுபோல் முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லச் செய்தால் இரண்டு பயிற்சியும் ஒன்றாக நடந்துவிடும்.

விடைப் பக்கத்தில் இரண்டு பிழை இருக்கிறது. 14ஆவது கேள்விக்கு "ஆஃப்டர் டயர்ட்" சரி என்று போட்டிருக்கிறது. மேலே சொன்னபடி அது தவறு. 27ஆவது கேள்வியில் "வென் என்டரிங் த டெம்பிள், ஷூஸ் மஸ்ட் பி ரிமூவ்ட்" என்பதை எந்தக் குறிப்பும் இல்லாமல் சரி என்று ஏற்றிருக்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் இந்த வடிவத்தை எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள். தேர்வுத்தாளில் மதிப்பெண் போய்விடும், கோவிலுக்குள் நுழைவது செருப்பு என்று ஆவதால். லாட்ஜ் ரிசப்ஷனில் இருப்பவர்கள் விருந்தினருக்கு எழுதிக் கொடுக்கும்போது "வென் என்டரிங் த டெம்பிள், ப்ளீஸ் ரிமூவ் யுவர் ஷூஸ்" என்று எழுதினால் இரண்டு இடத்துக்கும் சரியாக இருக்கும்.

அச்சு பரவாயில்லை. 22 முதல் 25 வரை அம்புக்குறிகள் சில பிரதிகளில் மங்கலாக விழுந்திருக்கின்றன, வாங்கும்போதே அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். "ஹீ டீச்சர்", "போட் ரெடி" என்று எழுதிக்கொண்டிருக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இந்த ஏட்டை இப்போது கொடுக்காதீர்கள். தமிழில் "அவர் ஆசிரியர்" என்பதில் வினையே தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் முதன்மை வாக்கியத்திலேயே பி வினையை விடுகிறவர்களிடம் போய், பி வினையை வெட்டலாம் என்று சொன்னால் எல்லா இடத்திலும் வெட்டிவிடுவார்கள். அவர்கள் முதலில் இஸ், ஆர், வாஸ், வேர் நான்கையும் பிசகாமல் போட்டுப் பழகட்டும். தினம் பத்து முழு வாக்கியம் எழுதி, அதில் ஒரு பி வினைகூட விடுபடாத நிலை வந்த பிறகு இந்த ஏட்டின் முதல் பக்கத்தைத் திறக்கலாம்.